வலியிலும் வர்க்க பேதமா?

பிள்ளை பெறும் வலி எல்லாப் பெண்களுக்கும் பொதுவானது. மாளிகையில் வாழ்கிறவளுக்கு ஒரு விதமான இடுப்பெலும்பும், பம்மலில் ஒண்டுக் குடித்தனத்தில் வாழ்கிறவளுக்கு வேறு விதமான இடுப்பெலும்பும் இயற்கை படைத்துவிடவில்லை. ஆனால் அந்த வலியைத் தணிக்கும் மருந்து மட்டும் ஒருத்திக்குக் கிடைக்கிறது, மற்றொருத்திக்குக் கிடைப்பதில்லை. பணம் கட்ட முடிந்தவளுக்குத் தனியார் மருத்துவமனையில் 'வலியில்லாப் பிரசவம்' என்று ஒரு தனிக் கட்டணச் சீட்டு இருக்கிறது. கட்ட முடியாதவளுக்கு, "பொறுத்துக்கொள் அம்மா, எல்லோரும் பெற்றவர்கள்தானே" என்ற ஆறுதல் மட்டும் இருக்கிறது. சில இடங்களில் அந்த ஆறுதலும் இல்லை, அதட்டல்தான் இருக்கிறது.

இது பெண்கள் சமாசாரம், தொழிலாளி படிக்கும் பத்திரிகையில் இதற்கு என்ன இடம் என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். அவர்களுக்கு நாம் ஒன்று சொல்லுவோம். நாகல்கேணித் தோல் பதனிடும் தொழிற்சாலையில் சுண்ணாம்புக் குழியருகே நிற்கும் தொழிலாளிக்குக் கையுறை வேண்டும், காலுறை வேண்டும் என்று கேட்கிறோம் அல்லவா? ஏன் கேட்கிறோம்? உழைப்பில் சிரமம் இருக்கும், ஆனால் தவிர்க்கக்கூடிய துன்பத்தை ஒரு மனிதன் மீது சுமத்துவது அநியாயம் என்பதால் கேட்கிறோம். அதே நியாயம் பிரசவ வார்டின் வாசலில் வந்தவுடன் செத்துவிடுமா? அங்கே துடிப்பவள் நம் மனைவி, நம் தங்கை, நம் மகள். அவளுக்கு என்னென்ன முறைகள் இருக்கின்றன, எது நல்லது, எது நமக்கு ஏன் எட்டவில்லை என்று தெரிந்துகொள்வது நம் கடமையாகும்.

முதலில் பழைய கதையைச் சற்றே பார்ப்போம். 1847ஆம் ஆண்டில் எடின்பரோ நகரத்து டாக்டர் ஜேம்ஸ் யங் சிம்சன், பிரசவ வேதனைக்கு ஈதரும் பின்னர் குளோரோபாரமும் கொடுத்துப் பார்த்தார். வேதனையோடுதான் பெற வேண்டும் என்று வேதத்திலேயே எழுதியிருக்கிறதே என்று சொன்னவர்களும் இருந்தார்கள். சிம்சன் அந்த வேதத்தைக் கொண்டே அவர்களுக்கு மறுப்பு எழுதினார். ஆனாலும் வாதத்தைவிட வலிமையாக வேலை செய்தது வேறொன்று. 1853 ஏப்ரல் மாதத்தில் விக்டோரியா ராணி தன் எட்டாவது பிள்ளையைப் பெறும்போது டாக்டர் ஜான் சுனோவை அழைத்துக் குளோரோபாரம் வாங்கிக்கொண்டாள். ராணிக்கே கொடுத்தான பிறகு, சீமாட்டிகளுக்கு அது பாவமாகப் படவில்லை. 'பெண்ணாகப் பிறந்தால் பொறுக்கத்தான் வேண்டும்' என்ற உபதேசம் அதன் பிறகும் ஓயவில்லை. காசு இல்லாதவளுக்கு மட்டும் அது மிஞ்சியது.

இன்று உலகம் குளோரோபாரத்தை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. பிரசவ வலியைத் தணிக்க இப்போதுள்ள முறைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்ப்போம்.

ஒன்று, ஊசி. பெத்திடின் போன்ற மருந்தைச் சதையில் போடுவார்கள். மலிவானது, எங்கும் போடலாம். ஆனால் வலி பாதியும் குறைவதில்லை. தாய் தூங்கி வழிவாள், குமட்டல் வரும். பிரசவத்துக்குச் சற்று முன்பு போட்டால் பிள்ளையும் மந்தமாகப் பிறக்கும், மூச்சு விடத் தயங்கும்.

இரண்டு, வாயு. நைட்ரஸ் ஆக்சைடு பாதி, பிராணவாயு பாதி கலந்த 'என்டோனாக்ஸ்' சிலிண்டரில் இருக்கும். வலி எழும்போது தாயே முகமூடியைப் பிடித்து இழுத்துக்கொள்ள வேண்டும், வலி அடங்கியதும் எடுத்துவிட வேண்டும். சில நிமிடங்களில் உடம்பை விட்டுப் போய்விடும். பயிற்சி பெற்ற நர்ஸ் பார்த்துக்கொண்டால் போதும். வலி முழுதும் போகாது, தலை சுற்றும், ஆனால் பலருக்குத் தாங்கும் தெம்பைத் தரும்.

மூன்று, முதுகில் தரும் மருந்து. இதைத்தான் எபிடியூரல் என்கிறார்கள். இடுப்புக்குப் பின்னால் இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஊசி செலுத்தி, தண்டுவடத்தை மூடியிருக்கும் உறைக்கு வெளியே உள்ள இடத்தில் நூல் போன்ற பிளாஸ்டிக் குழாயை வைத்துவிடுவார்கள். ஊசியை எடுத்துவிடுவார்கள். குழாய் மட்டும் இருக்கும். அதன் வழியே மரத்துப் போகும் மருந்து சென்று, கருப்பையிலிருந்து வலியைக் கொண்டு வரும் நரம்புகளை அடைத்து வைக்கும். தாய்க்கு நினைவு தப்பாது. பேசுவாள், சிரிப்பாள், பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்பாள். உள்ள முறைகளிலெல்லாம் வலியை அதிகம் குறைப்பது இதுதான்.

இந்த முறையை யாரும் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடவில்லை. 1921இல் ஸ்பெயின் நாட்டு ராணுவ டாக்டர் பிதெல் பாஹெஸ் இந்த இடத்தில் மருந்து செலுத்தி அறுவை செய்யலாம் என்று காட்டினார். 1931இல் ருமேனியா நாட்டு அபுரெல் பிரசவத்துக்கு முதுகு வழியே தொடர்ந்து மருந்து தரும் வழியைச் சொன்னார். 1947இல் கியூபாவின் ஹவானா நகரத்து மார்ட்டினெஸ் குர்பெலோ இடுப்பில் குழாயைப் பொருத்தி மருந்தைத் தொடர்ந்து தந்தார். பல நாட்டார் உழைப்பில் விளைந்த பொதுச் சொத்து இது. எந்த முதலாளியும் இதற்குச் சொந்தம் கொண்டாட முடியாது.

எபிடியூரலிலும் பழைய முறை உண்டு, புதிய முறை உண்டு. இந்த வேற்றுமையைத் தெரிந்துகொள்ளாமல்தான் பலர் வீண் பயம் கொள்கிறார்கள். பழைய முறையில் புபிவகெய்ன் என்ற மருந்தைக் கெட்டியாகக் கரைத்துக் கொடுத்தார்கள். வலி நின்றது உண்மை. ஆனால் கால்களும் கனத்துவிடும், தாயால் முக்க முடியாது, கடைசியில் ஆயுதம் போட்டு எடுக்க வேண்டி வரும். புதிய முறையில் அதே மருந்தை வெகுவாக நீர்த்து, ஃபென்டானில் என்ற மற்றொரு மருந்தைச் சிறிதளவு சேர்த்துத் தருகிறார்கள். வலி அடங்கும், காலில் வலு இருக்கும். 2001ஆம் ஆண்டில் பிரிட்டனில் தலைப்பிரசவத்துக்கு வந்த 1054 பெண்களிடம் நடத்திய ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. பழைய முறையில் 100க்கு 35 பேர் ஆயுதமும் கத்தியும் இல்லாமல் இயல்பாகப் பெற்றார்கள். நீர்த்த மருந்து முறைகளில் 43 பேர் அப்படிப் பெற்றார்கள். வலி குறைந்ததில் எந்த முறையும் மற்றதற்குப் பின்தங்கவில்லை.

அந்த ஆராய்ச்சியில் இருந்த நீர்த்த மருந்து முறைகள் இரண்டு. ஒன்றில், குழாய் வழியே மட்டும் மருந்து சொட்டிக்கொண்டிருக்கும். வலி அடங்கக் கால் மணி நேரத்துக்கு மேலாகும். மற்றொன்றில், முதலில் தண்டுவட நீரிலேயே சிறிதளவு மருந்தைப் போட்டுவிட்டு, பிறகு குழாயை வைப்பார்கள். ஐந்து நிமிடத்தில் வலி அடங்கும், ஆனால் உடம்பில் அரிப்பு சற்றுக் கூடும். பிரசவம் நெருங்கிவிட்ட நிலையில் வருகிறவளுக்கு இது உதவும். மற்றபடி இரண்டுக்கும் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. இப்போது பம்பு எந்திரங்கள் வந்திருக்கின்றன. சொட்டுச் சொட்டாக விடுவதற்குப் பதில், குறித்த நேரத்துக்கு ஒரு தடவை ஒரு மடக்கு மருந்தைச் செலுத்தும். மொத்த மருந்து குறைவாகச் செலவாகிறது, இடையில் வலி எட்டிப் பார்ப்பதும் குறைகிறது. வேண்டும்போது தாயே பொத்தானை அழுத்திக் கூடுதல் மருந்து எடுத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. அளவு மீறாதபடி எந்திரத்தில் பூட்டு இருக்கும்.

இனி, நம் தெருக்களில் உலவும் பயங்களைப் பார்ப்போம். 'முதுகில் ஊசி போட்டால் ஆயுள் முழுதும் இடுப்பு வலி' என்கிறார்கள். எபிடியூரல் வாங்கியவர்களையும் வாங்காதவர்களையும் ஒப்பிட்ட சோதனைகளில் நெடுநாள் முதுகு வலி அதிகமாகக் காணப்படவில்லை. பிள்ளை பெற்ற பெண்களில் பலருக்கு, ஊசி போட்டாலும் போடாவிட்டாலும், முதுகு வலிக்கத்தான் செய்கிறது. 'இதைப் போட்டால் ஆபரேஷனில்தான் முடியும்' என்கிறார்கள். 11,000 பெண்களுக்கு மேல் பங்கு கொண்ட சோதனைகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். எபிடியூரலால் சிசேரியன் கூடவில்லை என்று அது காட்டியது. 2005க்குப் பின் நடந்த சோதனைகளை மட்டும் தனியே எடுத்தால், ஆயுதம் போடுவதும் கூடவில்லை. மருந்தை நீர்த்துக் கொடுப்பதன் பலன் இது.

அதற்காக இதில் கெடுதலே இல்லை என்று நாம் சொல்லவில்லை. விளம்பரக்காரன்தான் அப்படிச் சொல்லுவான். பிரிட்டனில் தாய்மார்களுக்குக் கொடுக்கும் குறிப்பில் கணக்கை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். எட்டுப் பேரில் ஒருவருக்கு மருந்து சரியாக வேலை செய்யாமல் வேறு வழி தேட வேண்டி வரும். 50 பேரில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் நன்றாக இறங்கும். 100 பேரில் ஒருவருக்கு, ஊசி உறையைக் கிழித்துவிடுவதால், கடுமையான தலைவலி வரும். அதற்குச் சிகிச்சை உண்டு. 1000 பேரில் ஒருவருக்கு காலில் ஓரிடம் மரத்துப் போய்ச் சில காலத்தில் தெளியும். ஆறு மாதத்துக்கு மேலும் நீடிக்கும் நரம்புக் கோளாறு 13,000 பேரில் ஒருவருக்கு. முக்கும் கட்டம் சற்று நீளும். சிலருக்குக் காய்ச்சல் வரும். ரத்தம் உறையாத நோய் உள்ளவர்களுக்கும், ஊசி போடும் இடத்தில் புண் உள்ளவர்களுக்கும் இது ஆகாது. ஆகவே இது யார் வேண்டுமானாலும் போடக்கூடிய ஊசி அல்ல. போட மயக்க மருந்து டாக்டர் வேண்டும். போட்ட பிறகு ரத்த அழுத்தத்தையும் பிள்ளையின் இதயத் துடிப்பையும் விடாமல் பார்க்க நர்ஸ் வேண்டும்.

இங்கேதான் கணக்கு பணத்துக்கு வந்து நிற்கிறது. மருந்து விலை உயர்ந்தது அல்ல. ஆள்தான் வேண்டும். இரவு இரண்டு மணிக்கும் வார்டில் இருக்கிற ஆள் வேண்டும்.

நம் மாநிலத்தின் பெருமையை நாம் குறைத்துப் பேசமாட்டோம். எழும்பூரில் 1844இல் தொடங்கிய பிரசவ ஆஸ்பத்திரி இன்றும் ஏழைத் தாய்மார்களுக்கு நிழலாக நிற்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100க்கு 99.6 பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987இல் தொடங்கிய மகப்பேறு உதவித்தொகை 18,000 ரூபாயாக வளர்ந்தது. இரவு பகல் பாராமல் அவசரப் பிரசவம் பார்க்கும் 'சீமாங்' மையங்களை ஏற்படுத்தினார்கள். பிரசவ அறையில் உறவுப் பெண் ஒருத்தி துணை நிற்க அனுமதித்த மாநிலம் இது. தாய் சாகாமல் காக்க வேண்டும் என்ற முதல் போரில் தமிழ்நாடு வெகுதூரம் முன்னேறியிருக்கிறது. உயிரைக் காத்தாகிவிட்டது. இனி அந்த உயிர் படும் துன்பத்தைப் பார்க்க வேண்டாமா?

அதே கணக்கெடுப்பு வேறொன்றையும் சொல்லுகிறது. தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 44.9 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. இந்தியா முழுவதற்கும் சேர்த்து 21.5தான். இவ்வளவு வித்தியாசத்துக்குக் காரணங்கள் பல. ஆனால் அவற்றில் ஒன்றை எந்த வார்டிலும் காதாலேயே கேட்கலாம். "இந்த வலியை என்னால் தாங்க முடியவில்லை, அறுத்தாவது எடுத்துவிடுங்கள்" என்று கெஞ்சும் பெண்ணும், அவளைப் பார்க்கச் சகிக்காமல் "ஆபரேஷனே செய்துவிடுங்கள் டாக்டர்" என்று கையெழுத்துப் போடும் கணவனும் நாம் அறியாதவர்களா? வலிக்கு மருந்து இல்லாத இடத்தில் கத்தியே மருந்தாகிவிடுகிறது. அறுவைக்கு மயக்க மருந்து டாக்டர் வருகிறார். அறுவை வேண்டாம், வலி மட்டும் குறைந்தால் நானே பெற்றுக்கொள்கிறேன் என்கிறவளுக்கு அவர் வருவதில்லை.

இன்னொரு கொடுமையும் உண்டு. வலி மெதுவாக வந்தால் 'டிரிப்ஸ்' ஏற்றுகிறார்கள். அதில் ஆக்சிடோசின் கலந்திருக்கிறது. அது வலியைக் கூட்டும், விரைவுபடுத்தும். தேவைப்படும்போது அது நல்ல மருந்துதான், மறுக்கவில்லை. நாம் கேட்பது ஒன்றே. வலியைக் கூட்டும் டிரிப்ஸ் ஏழைக்கு எந்நேரமும் கிடைக்கிறது. வலியைக் குறைக்கும் மருந்து மட்டும் ஏன் கிடைப்பதில்லை?

சில பெரிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எபிடியூரல் தருகிறார்கள் என்று பதில் வரலாம். சரி. ஆனால் பம்மலிலும் அனகாபுத்தூரிலும் பொழிச்சலூரிலும் உள்ள தாய், நடுச்சாமத்தில் பல்லாவரம் போய் மின்சார ரயிலுக்குக் காத்திருந்தா எழும்பூர் போவாள்? அவளுக்குப் பக்கத்தில் இருப்பது குரோம்பேட்டை அரசு மருத்துவமனை. 2025இல் தாம்பரம் சானடோரியத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனையும் திறந்திருக்கிறார்கள். 2021இல் பம்மலும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. மாநகராட்சி என்றால் வரி மட்டும் உயர வேண்டுமா? வீட்டருகே உள்ள மருத்துவமனையில், கேட்கிறவளுக்குக் கேட்ட நேரத்தில் கிடைக்கிற வசதிதான் வசதி.

'மயக்க மருந்து டாக்டர்கள் பற்றாக்குறை. அவசர ஆபரேஷனுக்கே ஆள் இல்லை. வலிக்கு எங்கே போவது?' என்று அதிகாரிகள் சொல்லுவார்கள். இது கவனிக்க வேண்டிய வாதம். ரத்தப் போக்கில் சாகக் கிடக்கும் தாயை விட்டுவிட்டு மற்றொருத்தியின் வலிக்கு ஓடுங்கள் என்று நாம் கேட்கமாட்டோம். ஆனால் அந்த வாதம் நம் கோரிக்கைக்குத்தான் பலம் சேர்க்கிறது. வார்டிலேயே 24 மணி நேரமும் ஒரு மயக்க மருந்து டாக்டர் இருந்தால், அவர் வலியையும் தணிப்பார், ரத்தப் போக்கில் தவிப்பவளையும் காப்பார். முதுகில் ஏற்கெனவே குழாய் இருக்கிற தாய்க்குத் திடீரென்று ஆபரேஷன் தேவைப்பட்டால், அதே குழாய் வழியே மருந்தைக் கூட்டி அறுவை செய்துவிடலாம். முழு மயக்கத்தின் ஆபத்தைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். ஆள் இல்லையென்றால் ஆளை உண்டாக்குவதுதான் அரசாங்கத்தின் வேலை. அவசரச் சிசேரியனுக்காக எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கு மயக்க மருந்துப் பயிற்சி தந்த நாடுதானே இது?

உலகத்தில் இது நடந்திருக்கிறது. அதிலும் தொழிலாளர் கை பட்டு நடந்திருக்கிறது. பாரிஸ் நகரத்தில் உலோகத் தொழிலாளர் சங்கம் தன் உறுப்பினர் குடும்பங்களுக்காக 'புளுயே' என்ற மருத்துவமனையை நடத்தி வந்தது. அங்கிருந்த டாக்டர் பெர்னான் லமாஸ், 1951இல் சோவியத் நாட்டுக்குச் சென்று, மூச்சுப் பயிற்சியாலும் முன்கூட்டி விளக்கிச் சொல்வதாலும் பிரசவ வேதனையைக் குறைக்கும் முறையைக் கண்டு வந்தார். மறு ஆண்டே சங்க மருத்துவமனையில் அதைத் தொடங்கினார். இரும்படிக்கிறவன் மனைவிக்கு முதலில் கிடைத்ததைப் பின்னர் உலகமே கேட்டு வாங்கிக்கொண்டது. பயிற்சி மட்டும் வலியை முழுதும் போக்கிவிடாது என்பது பிறகு தெரிந்தது. பிரெஞ்சுப் பெண்கள் அத்தோடு நிற்கவில்லை. 1994 முதல் எபிடியூரல் செலவை அங்கே சமூகப் பாதுகாப்பு நிதியே ஏற்றுக்கொள்கிறது. இன்று அந்நாட்டில் ஐந்து தாய்மார்களில் நான்கு பேர் அதைப் பெறுகிறார்கள். முதலாளியின் மனைவியும் பெறுகிறாள், கடைநிலை ஊழியரும் பெறுகிறாள். உலக சுகாதார நிறுவனமும் 2018இல் தந்த வழிகாட்டலில், கேட்கிற தாய்க்கு எபிடியூரல் தரலாம் என்று பரிந்துரைத்திருக்கிறது.

ஆகவே நம் கோரிக்கைகளை வரிசையாக வைக்கிறோம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் சீமாங் மையங்களிலும் பிரசவ வார்டுக்கென்றே மயக்க மருந்து டாக்டர்கள் மூன்று ஷிப்டிலும் இருக்க வேண்டும். நீர்த்த மருந்து முறையும் அதற்குரிய பம்பும் வர வேண்டும். பழைய கெட்டி மருந்தை ஏழை ஆஸ்பத்திரிக்குத் தள்ளிவிடும் வேலை கூடாது. அது நடக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியங்கள் உண்டு. என்டோனாக்ஸ் வாயுவும் அதில் பயிற்சி பெற்ற நர்ஸும் சிறிய மருத்துவமனையிலும் இருக்கலாம். அறையில் காற்றோட்டம் வேண்டும், வாயு தங்கினால் ஊழியர்களுக்கு ஆகாது. துணைப் பெண்ணை எங்கும் தடுக்கக் கூடாது. வலியில் கத்துகிறவளை அதட்டக் கூடாது. அதட்டும் நர்ஸும் ஒரு தொழிலாளிதான். ஒருத்தியே பல கட்டில்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்றால், கூடுதல் நர்ஸுகளை நியமிக்கக் கேட்பதும் நம் கோரிக்கையின் பகுதியே.

கடைசியாக, தோழர்களே, உங்களிடமே ஒரு சொல். அரசாங்கம் செய்ய வேண்டியதைக் கேட்போம். வீட்டில் செய்ய வேண்டியதை யாரிடம் கேட்பது? 'என் அம்மா எட்டுப் பெற்றாள், ஊசியா போட்டாள்?' என்று பேசுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் எட்டுப் பெற்றவள் எத்தனையைப் பறிகொடுத்தாள், எத்தனை பேர் பெற்றவுடனே போய்ச் சேர்ந்தார்கள் என்பதையும் அவர்கள் சொல்ல வேண்டும். வலி வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவள் வலிப்பவள்தான். மாமியாரும் கணவனும் அல்ல. வயது வந்த, சுயநினைவுள்ள பெண்ணின் உடம்புக்குச் செய்யும் சிகிச்சைக்கு அவளுடைய சம்மதமே வேண்டும், பெற்ற தாயின் சம்மதம்கூட அதற்கு ஈடாகாது என்று 2008இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. மருந்து வேண்டாம், நானே தாங்கிக்கொள்கிறேன் என்று ஒருத்தி சொன்னால் அதுவும் அவள் உரிமை. அவள் வேண்டும் என்று சொன்னால், 'உனக்கு வசதியில்லை' என்று எவனும் சொல்லக் கூடாது.

ஏழாம் மாதத்திலேயே மனைவியோடு பரிசோதனைக்குச் செல்லுங்கள். இங்கே வலிக்கு என்ன மருந்து உண்டு, இரவில் டாக்டர் இருப்பாரா, துணைக்கு ஆள் விடுவீர்களா என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலைக் குறித்து வையுங்கள். பத்துத் தெருவிலிருந்து பத்துப் பதில்கள் சேர்ந்தால் அது மனுவாகும். ஆயிரம் சேர்ந்தால் அதை எந்த அமைச்சரும் ஒதுக்கிவைக்க முடியாது. எட்டு மணி நேர வேலையையும் பேறுகால விடுமுறையையும் எவனும் இரங்கிக் கொடுத்துவிடவில்லை, கேட்டுத்தான் பெற்றோம். ராணிக்கு 1853இல் கிடைத்தது பம்மல் தொழிலாளியின் மனைவிக்கு இன்னும் கிடைக்கவில்லை. அதையும் கேட்டே பெறுவோம்.